இருபதாவது படத்துக்குப் பின் இறுகிய லீவர்: ஒரு பெண்டாக்ஸ் கே-1000 பழுதாய்வு

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பிலிமை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளும் லீவர் இறுகுகிறது என்று சொல்லி ஒரு பழைய கேமரா என் மேசைக்கு வந்தால், அதைத் திறப்பதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: எத்தனையாவது படத்தில் இறுகுகிறது? பெரும்பாலோர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எப்போதும்தான் கடினமாக இருக்கிறது என்பார்கள். சற்று யோசிக்கச் சொன்னால் விவரம் வெளிவரும். முதல் படத்திலிருந்தே கடினமா, பாதி ரோலுக்குப் பிறகா, பிலிம் இல்லாதபோதும் அப்படியா, ஒவ்வொரு தள்ளலிலும் ஒரே இடத்தில் தடுக்கிறதா என்று பிரித்துக் கேட்டுவிட்டால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் எண்ணெய் விடுகிறவர்களால்தான் பினாங்கில் நல்ல கேமராக்கள் பல வீணாகின்றன. கீழே எழுதியிருப்பது அப்படி எண்ணெய் விடப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட ஒரு கேமராவின் விவரம்.

கேமரா பெண்டாக்ஸ் கே-1000. முகப்பில் அசாஹி என்ற பெயர் பொறித்த, ஜப்பானில் செய்யப்பட்ட தொடக்ககால உடல். 1976இல் வெளிவந்து 1997 வரை உற்பத்தியில் இருந்த மாதிரி இது. பிற்காலத்தில் உற்பத்தி ஹாங்காங்குக்கும் பிறகு சீனாவுக்கும் போனது. ஷட்டர் முழுக்க இயந்திர விசையால் ஓடுவது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். அது தீர்ந்துபோனாலும் 1 நொடி முதல் 1/1000 நொடி வரை எல்லா வேகங்களும் வேலை செய்யும். மாணவர்கள் கற்றுக்கொள்வதற்கு ஏற்ற கேமரா என்று ஆசிரியர்கள் நீண்டகாலம் இதைக் கைகாட்டியதற்கு இந்த எளிமையே காரணம்.

உரிமையாளர் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கேமரா அவருடைய தாய்மாமாவுடையது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போதெல்லாம் மாமா இதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாராம். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. மருமகளுக்குப் பிலிமில் ஆர்வம் வந்ததும் மாமாவே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

“அண்ணா, கல்யாண மண்டபத்தில் திடீரென்று லீவர் நகரவே இல்லை. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.”

“எத்தனையாவது படம் என்று நினைவிருக்கிறதா, டீச்சர்?”

“இருபதைத் தாண்டியிருக்கும். அதற்கு முன்னால் நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்துக்கு வெளியே வந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது.”

இந்த ஒரு பதிலில் மூன்று தடயங்கள் இருக்கின்றன. ரோலின் பிற்பகுதியில்தான் இறுகுகிறது. குளிரூட்டப்பட்ட மண்டபத்துக்குள் இறுகியது, வெளியே வெப்பத்தில் இளகியது. நிறுத்தி, நிதானமாகத் தள்ளியபோது நகர்ந்தது. பல் உடைந்திருந்தாலோ நெம்புகோல் வளைந்திருந்தாலோ தட்பவெப்பத்தைப் பார்த்து அது நடந்துகொள்ளாது. பிலிம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்றும் பார்க்காது. மாறாக, வீட்டில் நெய் எப்படிக் குளிரில் கட்டியாகி வெயிலில் உருகுகிறதோ அப்படி நடந்துகொள்ளும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

மேலும் விசாரித்தபோது எண்ணெய்க் கதை வெளியே வந்தது. அலமாரியிலிருந்து எடுத்த புதிதில் லீவர் கொஞ்சம் சோம்பலாக இருந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் துரு நீக்கும் தெளிப்பு எண்ணெயை லீவரின் இடுக்கிலும், பின்கதவைத் திறந்து, எடுத்த பிலிம் சுற்றிக்கொள்ளும் உருளையான ஸ்பூலின் அடியிலும் அடித்துக் கொடுத்திருக்கிறார். உடனே லீவர் வழவழவென்று ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் 24 படங்கள் கொண்ட ரோல்கள், அவையும் பகல் வெயிலில் வெளியே எடுத்தவை. கடைசிச் சில படங்களில் லீவர் கனத்ததை அவர் பிலிம் முடியப்போவதற்கான அடையாளம் என்று நினைத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். 36 படங்கள் கொண்ட ரோலைப் போட்டு, குளிர்ந்த மண்டபத்துக்குள் போன பிறகுதான் உண்மை வெளிப்பட்டது.

லீவரின் ஒரு தள்ளலில் நடப்பவை

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த லீவர் பிலிமை நகர்த்துகிறது, அவ்வளவுதான். உண்மையில் கட்டைவிரலின் ஒரு தள்ளல் மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் செய்கிறது. ஷட்டரின் துணித்திரைகளை அவற்றின் வில்லுக்கு எதிராக இழுத்துப் பூட்டி, கண்ணாடியை மேலே தூக்கும் பொறியையும் தயார்படுத்துகிறது. பிலிமின் ஓரத் துளைகளில் பல் பதித்திருக்கும் பல்லுருளையைச் சுழற்றி, சரியாக ஒரு படத்தின் அளவுக்குப் பிலிமை நகர்த்துகிறது. நகர்ந்து வந்த பிலிமைச் சுற்றிக்கொள்ள ஸ்பூலையும் சுழற்றுகிறது. லீவர் இறுகினால் இந்த மூன்றில் ஒன்று இறுகியிருக்கிறது, அல்லது பிலிம் புறப்படுகிற கேசட் இறுகியிருக்கிறது.

அளவைத் தீர்மானிப்பது பல்லுருளைதான். 35 மி.மீ. பிலிமில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு 4.75 மி.மீ. ஒரு படத்துக்கு எட்டுத் துளைகள், ஆக 38 மி.மீ. அதில் 36 மி.மீ. படம், 2 மி.மீ. இடைவெளி. முதல் படமானாலும் கடைசிப் படமானாலும் இந்த 38 மி.மீ. மாறாது.

ஸ்பூலின் நிலை வேறு. பிலிம் சுற்றச் சுற்ற அது பருத்துக்கொண்டே போகிறது. வெற்று ஸ்பூலின் விட்டம் 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 44 மி.மீ. எனவே 38 மி.மீ. பிலிமைச் சுற்றிக்கொள்ள அது 0.86 சுற்று சுழன்றால் போதும். 36 படங்கள் முடிகிற நேரத்தில் சுமார் 1.6 மீட்டர் பிலிம் அதன்மேல் ஏறியிருக்கும். பிலிமின் தடிமன் 0.14 மி.மீ. என்று கொண்டால் விட்டம் 22 மி.மீ. அளவுக்கு வந்துவிடும், சுற்றளவு 69 மி.மீ. இப்போது அதே 38 மி.மீ. பிலிமுக்கு 0.55 சுற்றுதான் தேவை. ஆனால் லீவருக்கு இது தெரியாது. முதல் படத்துக்கு எவ்வளவு சுழற்றியதோ அவ்வளவையே கடைசிப் படத்துக்கும் சுழற்ற முயலும்.

இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் ஸ்பூலுக்கும் அதைச் சுழற்றும் அச்சுக்கும் நடுவே உராய்வால் மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள். பிலிமைத் தளர்வில்லாமல் இழுக்கும் அளவுக்கு அது பிடிக்க வேண்டும். அதற்கு மேல் விசை வந்தால் வழுக்கிவிட வேண்டும். லீவர் ஒவ்வொரு முறையும் ஸ்பூலை 0.9 சுற்று சுழற்ற முயல்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் படத்தில் கிளட்ச் வழுக்க வேண்டியது வெறும் 0.04 சுற்று. கடைசிப் படத்தில் 0.35 சுற்று. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. கிளட்ச்சின் உள்ளே பசை பிடித்திருந்தால் ரோலின் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. வழுக்க வேண்டிய அளவு கூடக்கூடத்தான் அது கட்டைவிரலில் கனக்கத் தொடங்கும். பசையின் எதிர்ப்பு வேகத்தோடும் கூடும் என்பதால், மெதுவாகத் தள்ளினால் நகர்ந்துவிடும், அவசரத்தில் தள்ளினால் முரண்டு பிடிக்கும். மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரத்தில் யார் மெதுவாகத் தள்ளுவார்கள்?

ஆக, கேமராவைத் தொடுவதற்கு முன்பே என் சந்தேகம் கிளட்ச்சின் மேல்தான் விழுந்தது. ஆனாலும் சந்தேகத்தை வைத்துக் கேமராவைத் திறப்பதில்லை. மற்ற மூவரும் குற்றவாளிகள் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும்.

பிலிம் இல்லாமல், பின்கதவு திறந்த நிலையில் லீவரைத் தள்ளினேன். தொடக்கம் முதல் முடிவு வரை சீரான எதிர்ப்பு. எந்த இடத்திலும் தட்டவில்லை, அரைக்கும் ஓசை இல்லை. ஷட்டர் திரைகள் ஒழுங்காக ஓடின, கண்ணாடி ஒவ்வொரு முறையும் முழுதாகக் கீழே இறங்கியது. இதைத் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பழைய கேமராக்களில் கண்ணாடியோ இரண்டாம் திரையோ பாதியில் நின்றுவிட்டால் முந்தைய படம் முடிந்ததாகவே கேமரா கணக்கில் எடுக்காது, லீவர் பூட்டிக்கொண்டுவிடும். அது இறுக்கம் அல்ல, பூட்டு. தொட்டுப் பழகிய கைக்கு இரண்டும் வேறு. பூட்டிய லீவர் ஒரு மயிரிழையும் நகராது, இறுகிய லீவர் எதிர்த்துக்கொண்டே நகரும்.

அடுத்து, அடிப்பக்கத்தில் இருக்கும் ரீவைண்ட் பொத்தானை, அதாவது முடிந்த பிலிமைத் திரும்பக் கேசட்டுக்குள் சுற்றும்போது அழுத்தும் பொத்தானை, அழுத்திப் பிடித்துக்கொண்டு லீவரைத் தள்ளினேன். இந்தப் பொத்தான் பல்லுருளையை லீவரிலிருந்து விடுவித்துவிடும். ஒரே பிலிமில் இரண்டு முறை படம் எடுக்க விரும்புகிறவர்கள் இதைத்தான் பயன்படுத்துவார்கள்: பிலிமை ரீவைண்ட் கைப்பிடியால் பிடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி, ஷட்டரை மட்டும் ஏற்றுவார்கள். பொத்தான் அழுத்தியபோதும் அழுத்தாதபோதும் லீவரின் கனம் ஒரே மாதிரி இருந்ததால் பல்லுருளையின் அச்சில் குறை இல்லை.

மூன்றாவதாக ஸ்பூலைக் கட்டைவிரலால் லேசாகப் பிடித்து நிறுத்திக்கொண்டு லீவரைத் தள்ளினேன். இங்கேதான் வித்தியாசம். நல்ல நிலையில் இருக்கும் கே-1000இல் ஸ்பூல் விரலுக்கடியில் மெல்ல வழுக்கி நிற்கும். இதில் அது விரலையும் இழுத்துக்கொண்டு போனது. சற்று அழுத்திப் பிடித்தால் லீவர் உடனே கனத்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு கே-1000 உடலை எப்போதும் அருகில் வைத்திருக்கிறேன். ஒரு கேமராவின் கனம் சரியா தவறா என்று தனியாகச் சொல்வது கடினம். இரண்டையும் மாறி மாறித் தள்ளினால் விரலே சொல்லிவிடும்.

கேமராவை இரவு முழுவதும் குளிரூட்டிய அறையில் வைத்துவிட்டு, காலையில் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். ஸ்பூல் இன்னும் பிடிவாதமாக இழுத்தது. மதிய வெப்பத்தில் பின்கட்டில் வைத்திருந்து பார்த்தபோது வெகுவாக இளகியது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்த உடனே லென்ஸின் உள்ளேயும் ஒளிமானியிலும் நீர் பூத்துவிடும்.

நெகட்டிவ் சொன்ன சாட்சி

லீவர் தொடர்பான எந்தப் பழுதுக்கும் கடைசியாக எடுத்த ரோலின் நெகட்டிவைக் கொண்டு வரச் சொல்வேன். படம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அல்ல. ஓரத் துளைகளைப் பார்ப்பதற்காக.

பிலிமை யார் முரட்டுத்தனமாக இழுத்தார்கள் என்பதை அந்தத் துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். கேசட் இறுகியிருந்தால், பின்னால் வர மறுக்கும் பிலிமைப் பல்லுருளைதான் முன்னே இழுக்க வேண்டும். அப்போது பல், துளையின் முன்விளிம்பில் அழுந்தும். அதாவது ஸ்பூலை நோக்கிய விளிம்பில். கிளட்ச் இறுகியிருந்தால் நிலைமை தலைகீழ். ஸ்பூல் தேவைக்கு மேல் இழுக்கிறது, பல்லுருளை போகவிடாமல் தடுக்கிறது. பல், துளையின் பின்விளிம்பில் அழுந்தும்; கேசட்டை நோக்கிய விளிம்பில். எது கேசட் பக்கம் என்று தெரிந்துகொள்ளப் பிலிமின் ஓரத்தில் அச்சிட்ட எண்களே போதும். எண் கூடிக்கொண்டே போகும் திசையில்தான் கேசட் இருந்தது.

கல்யாண ரோலின் நெகட்டிவை ஒளிப்பலகையில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். முதல் பதினைந்து படங்கள் வரை துளைகள் நான்கு மூலையும் கூர்மையாக, புதிதுபோல் இருந்தன. இருபதை நெருங்கும்போது விளிம்பில் மெல்லிய நெளிவு. அதற்குப் பிறகு சிறு கீறல்கள். எல்லாமே எண் கூடுகிற பக்கத்து விளிம்பில். ஓரிடத்தில் இரண்டு படங்களுக்கு நடுவே 2 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 7 மி.மீ.க்குச் சற்றே குறைவாக விரிந்திருந்தது. 2 உடன் 4.75ஐக் கூட்டிப் பாருங்கள். பல் ஒரு துளையை முழுதாகத் தாண்டியிருக்கிறது. ஸ்பூல் பிலிமைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறது. கேசட் இறுகியிருந்தால் பிலிம் குறைவாகவே நகர்ந்து, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இடைவெளி விரிந்திருக்காது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இன்னொரு சிறு தகவலும் இதோடு பொருந்தியது. ரீவைண்ட் செய்யும்போதும் கைப்பிடி கனத்தது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். ரீவைண்டில் ஷட்டருக்கு வேலை இல்லை. பல்லுருளை விடுபட்டிருக்கும். ஸ்பூல் மட்டும் கிளட்ச்சில் வழுக்கிப் பின்னோக்கிச் சுழல வேண்டும். லீவரும் கனத்து, ரீவைண்டும் கனத்தால் இரண்டுக்கும் பொதுவான உறுப்புகள் கேசட்டும் கிளட்ச்சும்தான். கேசட்டைத் துளைகள் ஏற்கெனவே விடுவித்துவிட்டன.

அவருடைய பிலிம் வழக்கமான அசிட்டேட் அடித்தளம் கொண்டது. விசை மிஞ்சினால் அது கிழிந்து தன்னைப் பலிகொடுத்து, கேமராவைக் காப்பாற்றும். பாலியெஸ்டர் அடித்தளத்தில் வரும் பிலிம்களும் சந்தையில் உண்டு. அவை எளிதில் கிழியாது. அப்படி ஒரு பிலிம் அன்று உள்ளே இருந்திருந்தால் உடைவது பல்சக்கரமாக இருந்திருக்கும், அதற்கு மாற்று உறுப்பு தேடி வேறொரு கேமராவைப் பலியிட வேண்டியிருக்கும். லீவர் கனக்கிறது என்று தெரிந்த கேமராவில் பாலியெஸ்டர் பிலிமைப் போடவே கூடாது.

திறந்து பார்த்தபோது

அடித்தகட்டைக் கழற்றுவதில் ஒரு சொல். பழைய ஜப்பானியக் கேமராக்களின் திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. வழக்கமான பிலிப்ஸ் முனை அவற்றில் முழுதாக அமராது. அழுத்தித் திருகினால் வழுக்கி, திருகின் தலையைச் சிதைத்துவிடும். சந்தையில் விலைக்கு வரும் கேமராவை முன்பு யாராவது திறந்திருக்கிறார்களா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது இந்தத் திருகுத் தலைகளைத்தான். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கேமரா பொறுக்குகிறவர்களும் இதைப் பழகிக்கொள்ளலாம். மாமாவின் கேமராவில் திருகுகள் கன்னி கழியாமல் இருந்தன.

அடித்தகட்டின் கீழே பல்சக்கரங்கள், கண்ணாடிப் பொறியின் நெம்புகோல்கள், ஷட்டர் திரைகளின் இழுவிசையைச் சரிசெய்யும் பகுதி எல்லாம் தெரியும். கடைசியாகச் சொன்னதைத் தொடவே கூடாது. தெரியாமல் ஒரு பல் நகர்த்திவிட்டாலும் வேகங்கள் குழம்பிவிடும், அளவுகருவி இல்லாமல் திரும்பக் கொண்டுவர முடியாது.

எதிர்பார்த்ததுதான் இருந்தது. ஸ்பூலின் அடியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில், பிசின் போன்ற படலம். தெளிப்பு எண்ணெய்களில் எளிதில் ஆவியாகும் கரைப்பானும் மெல்லிய எண்ணெயும் கலந்திருக்கும். அடித்த உடனே கரைப்பான் பழைய கிரீஸை இளக்கிவிடுகிறது, லீவர் ஓடுகிறது, அடித்தவர் மகிழ்ச்சியாகப் போய்விடுகிறார். பிறகு கரைப்பான் ஆவியாகிறது. இளகிய கிரீஸும் எண்ணெயும் தூசியும் ஒன்றாகச் சேர்ந்து, அதுவரை கிரீஸே இல்லாத இடங்களிலும் பரவி, அங்கே காய்ந்து ஒட்டுகின்றன. உராய்வுக்காக வைத்த பரப்புகளுக்கு நடுவே இது போனதும் கிளட்ச் கிளட்ச்சாக இல்லாமல் ஒட்டிய மூட்டாகிவிடுகிறது. இந்த எண்ணெய் துணித்திரைகள் வரை போகாமல் நின்றது நல்ல காலம். ரப்பர் பூசிய அந்தத் துணி எண்ணெய் பட்டுக் கெட்டுவிட்டால் திரையையே மாற்ற வேண்டும், அது முற்றிலும் வேறு வகை வேலை.

ஸ்பூலை முழுதாகக் கழற்றுவதா, இருந்த இடத்திலேயே கழுவுவதா என்பதுதான் அடுத்த முடிவு. கழற்றினால் சுத்தம் முழுமையாகும். ஆனால் திரும்பப் பொருத்தும்போது லீவரின் வரிசைச் சக்கரங்களை முதலிலிருந்து ஒத்திசைக்க வேண்டி வரலாம். உலோகத்தில் தேய்மானமோ உடைவோ தெரியாதபோது, சிறிய தலையீட்டில் தொடங்குவதே நல்லது என்பது என் நிலைப்பாடு. எனவே கழுவத் தீர்மானித்தேன்.

கழுவுவதற்கு நாப்தா. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெய் அதுதான். தீப்பற்றக்கூடியது, ஆவியும் நல்லதல்ல. சன்னல் திறந்திருக்க வேண்டும், பூசையறையில் விளக்கு எரியும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஊற்றிக் கழுவுவது தவறு. மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஸ்பூலின் அடி இடுக்கில் வைத்து, ஸ்பூலை விரலால் முன்னும் பின்னும் சுழற்றி, கரைந்து வெளியே வரும் பழுப்புக் கசடை உடனே மெல்லிய காகிதத் துணுக்கால் உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சாமல் காயவிட்டால் கரைந்த கிரீஸ் வேறோர் இடத்தில் போய் மறுபடி படியும். தெளிப்பு எண்ணெய் செய்த அதே தீங்கை நாமும் செய்ததாகிவிடும். ஷட்டரின் பக்கம் ஒரு துளியும் ஓடாதபடி கேமராவைச் சாய்த்து, பிலிமின்மேல் ஒளி விழும் படச்சட்டத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டேன்.

முதலில் வந்த காகிதங்கள் தேநீர் நிறத்தில் இருந்தன. நிறம் மங்கிக்கொண்டே வந்து, காகிதம் வெள்ளையாகவே திரும்பும் வரை இதைத் தொடர்ந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே நன்றாகக் காய விட்டேன். ஈரமாக இருக்கும்போது எந்தக் கிளட்ச்சும் நன்றாகத்தான் வழுக்கும், அதை நம்பக் கூடாது. கடைசியில் பல்சக்கரங்களின் அச்சு முனைகளில் மட்டும் ஊசி நுனியளவு, பரவாத வகை கிரீஸ். கிளட்ச்சின் உராய்வுப் பரப்புக்கு ஒன்றும் வைக்கவில்லை.

பின்கதவைச் சுற்றியிருந்த ஒளித்தடுப்பு ஸ்பஞ்சு கறுத்துக் கூழாகியிருந்தது. இதுவும் நம் தட்பவெப்பத்தின் வேலை. பாலியூரித்தேன் ஸ்பஞ்சு ஈரப்பதத்தால் சிதைந்து பிசுபிசுப்பாகும். ஆண்டு முழுவதும் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் பினாங்கில் அது விரைவாகவே நடக்கிறது. அந்தக் கூழ் பிலிம் ஓடும் தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டாலும் லீவர் கனக்கும் என்பதால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதிய ஸ்பஞ்சு ஒட்டினேன்.

சோதனை ரோல்

கிளட்ச்சைச் சுத்தம் செய்தவர்கள் பலர் லீவர் இலகுவானதும் வேலை முடிந்தது என்று கேமராவைக் கொடுத்துவிடுகிறார்கள். மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. கிளட்ச் மிகவும் தளர்ந்துவிட்டால் ஸ்பூல் பிலிமை இறுக்கமாகச் சுற்றாது. தளர்ந்த பிலிம் பல்லுருளைக்குப் பின்னால் குவிந்து, நடுவில் மடிந்து, அப்புறம் லீவர் உண்மையாகவே சிக்கிக்கொள்ளும். அதனால் வழுக்குகிறதா என்பதோடு பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்காகவே காலாவதியான 36 படப் பிலிம்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றைப் போட்டு, பின்கதவைத் திறந்தே வைத்து, ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் படச்சட்டத்தின் ஓரத்தில் பிலிமின்மேல் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனேன். முடிந்ததும் பிலிமை வெளியே எடுத்து அளந்தால், கோட்டுக்குக் கோடு 38 மி.மீ. முதலிலிருந்து கடைசி வரை மாறாமல் இருந்தது. ஸ்பூலில் பிலிம் தளர்வில்லாமல் ஏறியிருந்தது. முப்பதுக்கு மேலான தள்ளல்களில் இயல்பான சிறு கனம் மட்டும். வேகமாகத் தள்ளியபோதும் அதே கனம்தான். பசை போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. குளிரூட்டிய அறையில் ஓர் இரவு வைத்து, இன்னொரு பிலிமைப் போட்டு அதே சோதனையைச் செய்தேன். வித்தியாசம் தெரியவில்லை. துளைகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். நான்கு மூலையும் கூர்மையாகவே இருந்தன.

ஆசிரியை கேமராவைப் பெற்றுக்கொள்ள வந்தபோது லீவரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, மாமா வைத்திருந்த காலத்தில் இப்படித்தான் இருந்தது என்றார். அந்த உணர்வுக்காகத்தான் மக்கள் இன்னமும் இந்தக் கேமராக்களைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். 2024இல் பெண்டாக்ஸ் நிறுவனம் புதிதாக ஒரு பிலிம் கேமராவை வெளியிட்டபோது அதில் மோட்டார் வைக்காமல் கையால் தள்ளும் லீவரையே வைத்தது. அது விலையை மட்டும் பார்த்து எடுத்த முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

அவரிடம் சில விஷயங்களைச் சொல்லி அனுப்பினேன். கேமராவை உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்க வேண்டும். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். பிலிமை உள்ளே போட்டு மாதக்கணக்கில் விடக் கூடாது, ஈரத்தில் பிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊறி அழுத்துத் தகட்டோடு ஒட்டும். ஷட்டரை ஏற்றிய நிலையில் வைக்க வேண்டாம். ஒருவேளை ரோலின் நடுவே லீவர் கனத்தால் தள்ளுவதை நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்தி ரீவைண்ட் செய்துவிட வேண்டும். மீதிப் படங்கள் போனால் போகட்டும்.

கழுவிய கிளட்ச்சில் எங்கோ ஓர் இடுக்கில் கசடு மிச்சமிருந்து மறுபடி ஊறி வெளியே வர வாய்ப்பு உண்டு. அதை முதலில் காட்டிக்கொடுப்பது லீவர் அல்ல, ரீவைண்ட் கைப்பிடி. ஒவ்வொரு ரோல் முடிவிலும் முதல் சில சுற்றுகளின் கனத்தைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே மாற்றம் தெரிந்தால் அடுத்த பிலிமைப் போடாமல் கொண்டு வர வேண்டும். அப்போது கழுவுவதோடு நிறுத்த முடியாது, ஸ்பூலைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.